உக்கடத்தில் வாங்கிய பச்சைக் கோடு

கோயம்புத்தூரில் கணபதிக்குக் கிழக்கே சின்னசாமி லேஅவுட் என்று ஒரு பகுதி உண்டு, அங்கே ஒரு ஐப்பசி மாதம் தொடங்கி நாற்பத்தொரு நாள், தெருவின் நடுவே மார்பு உயரத்தில் ஒரு பச்சைக் கோடு காற்றில் நின்றது, அதன் மேல் துணி காயப்போட்டார்கள், அதற்குக் கீழே குனிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், தண்ணீர் லாரி அதற்காகத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றிப் போனது. அதை ஊருக்குக் கொண்டுவந்தவன் நான்தான். என் பெயர் நாச்சிமுத்து. ஸ்டெபிலைசர், யூபிஎஸ், மிக்ஸி, பழைய டிவி எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன். நல்ல மனுஷன் என்று இருபத்து மூன்று வருஷமாகப் பெயர் எடுத்தவன். அந்தப் பெயரை எடுத்த விதத்தைத்தான் சொல்லப்போகிறேன், வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லப்போகிறேன்.

மாதம் ஒரு முறை உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போவேன். அன்றைக்கு ஜபருல்லா பாய் கடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தேடிக் குனிந்தவன், சைக்கிள் ரிம்களுக்கும் உடைந்த கிரைண்டர் கல்லுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் திரை, பக்கத்தில் வரிசை வரிசையாகத் திருகுகள், மேலே தூக்குவதற்கு ஒரு இரும்புக் கைப்பிடி, வலது மூலையில் ஒரு நசுங்கல். ஆசிலாஸ்கோப். கரண்ட் எப்படித் துள்ளுகிறது, எங்கே தடுமாறுகிறது என்று பச்சைக் கோடு போட்டுக் காட்டுகிற பெட்டி. பெட்டியை எனக்குத் தெரியும். நசுங்கலையும் தெரியும்.

"எங்க பாய் கிடைச்சுது?" என்றேன்.

"ஏதோ கம்பெனி மூடினப்ப லாட்டா எடுத்ததுங்ணா. ஓடாதுங்க, முன்னாலயே சொல்லிப்போட்டேன். வேணும்னா இரும்பு வெலைக்கு எடை போட்டு எடுத்துக்குங்க. அப்புறம் வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது."

"நான் எதுக்கு பாய் சண்டைக்கு வரப்போறேன்" என்றபடி வயரை இழுத்துப் பார்த்தேன். நுனியில் அதே கறுப்பு மூன்று பின் பிளக். பிளக்கின் இடுக்கின் மேல் பழுத்துப்போன வெள்ளை ஒட்டு நாடா, அதில் பேனாவால் ‘க.ம.’ என்று எழுதி ஒரு தேதி. வேறு எவனாவது வாங்கிப்போய் அந்தப் பிளக்கைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெட்டியை வாங்கினேன். பழைய சாமானைச் சரிசெய்கிற ஆசை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மொபெட்டில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்தேன்.

அந்த ஒட்டு என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் முன்பு ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனியில் டெஸ்டிங் பெஞ்சில் வேலை பார்த்தேன். நேராக மெயின் கரண்டில் ஓடுகிற போர்டுகளை இந்தப் பெட்டியால் அளக்கும்போது, பிளக்கில் எர்த் இருந்தால் டமார் என்று வெடிக்கும், அதனால் பிளக்கைத் திறந்து பச்சை நிற எர்த் வயரைக் கழற்றிவிட்டு அளப்போம். தப்புதான், ஆனால் எல்லோரும் செய்த தப்பு. எர்த் இல்லாத பெட்டியைத் தொட்டால் ஆளைத் தூக்கியடிக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் அந்த வழக்கம்: வேலை முடிந்ததும் பச்சை வயரைத் திரும்ப மாட்டி, பிளக்கை மூடி, இடுக்கின் மேல் ஒட்டு நாடா ஒட்டி, மாட்டியவர் பெயரையும் தேதியையும் எழுதிவிட வேண்டும். ஒட்டு கிழியாமல் இருந்தால் நம்பித் தொடலாம். எங்கள் பெஞ்சில் அந்த ஒட்டுக்குக் கோயில் கதவு சீலுக்கு இருக்கிற மரியாதை இருந்தது.

க.ம. என்பது கனகமணி. மத்தியான ஷிஃப்ட்டில் அதே பெஞ்சில் உட்காருகிறவள். எங்கள் எல்லோரையும்விட வேலை சுத்தமானவள். ஆபத்தான இடத்தில் அளக்கும்போது, கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கை வழியாக இறங்காமல் இருக்க, இடது கையைப் பையில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் அளக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். ஒரு வியாழக்கிழமை காலை, அவள் முந்தின நாள் ஒட்டியிருந்த ஒட்டை நான் கிழிக்காமல் பிளேடால் மெல்லப் பிரித்தேன். அன்றைக்கு எனக்கு அவிநாசியில் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது, புது ஒட்டு வெட்டி, பெயர் எழுதி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட நேரமில்லை. பச்சை வயரைக் கழற்றி, வேலையை முடித்து, பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், வயரைத் திரும்ப மாட்டாமலே பிளக்கை மூடி, அவள் ஒட்டையே மேலே ஒட்டி, விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டுப் போனேன். மெயின் கரண்டைப் பெட்டிக்கு ஏற்றிவிடக்கூடிய அளக்கிற கிளிப்பையும் போர்டிலேயே விட்டுவிட்டேன். பஸ் கருமத்தம்பட்டியில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. ஜன்னலுக்கு நேராக ஒரு டெலிபோன் பூத் இருந்தது. ஷிஃப்ட் தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. எனக்கு இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் அம்மா, மடியில் பழத்தட்டு. இறங்கினால் பஸ் போய்விடும். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

கனகமணி ஒட்டைப் பார்த்தாள், தன்னுடைய ஒட்டு, கிழியாத ஒட்டு, நம்பி ஸ்விட்சைப் போட்டாள், இடது கை இரும்பு பெஞ்சில் இருக்க வலது கையால் கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியை நகர்த்தினாள். அவளும் பெட்டியும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள். உயிர் பிழைத்தாள். வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன. விசாரணையில், ஒட்டைப் பிரிக்காமலே மீட்டர் வைத்து எர்த் இல்லை என்று கண்டுபிடித்து, பிளக்கை என் கையில் கொடுத்து, இந்த ஒட்டு யாருடையது என்று கேட்டார்கள். "அவங்களோடதுதான் சார்" என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மெய்யாகவே அது அவளுடையதுதான். ‘வயரை மாட்டாமல் ஒட்டிவிட்டேன், என் கவனக்குறைவு’ என்று அவளே கட்டுப்போட்ட கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து போனாள். எனக்குக் கல்யாணம் நடந்தது.

அந்தப் பெட்டியைத்தான் நான்கு நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி, பல்லி முட்டை ஓடு இரண்டு, உப்பிப்போன கப்பாசிட்டர்கள் ஏழு, கருகிய ரெசிஸ்டர் ஒன்று. எல்லாவற்றையும் மாற்றினேன், திருகுகளுக்குள் ஸ்பிரே அடித்துத் திருப்பித் திருப்பித் துரு எடுத்தேன், ஹை வோல்டேஜ் பக்கம் போகும்போது இடது கையைப் பையில் போட்டுக்கொண்டேன், அப்போது அவளை நினைத்தேன், நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். பிளக்கை மட்டும் தொடவில்லை. ஒட்டு ஒட்டாகவே இருக்கட்டும் என்று அப்படியே சொருகினேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, சிறு உறுமலுடன் பெட்டி உயிர்பெற்றது. திரை நடுவே ஒரு புள்ளி வந்தது, திருகைத் திருப்பினேன், புள்ளி நீண்டு கோடாகி இடமிருந்து வலமாக ஓடியது. வலது ஓரத்துக்கு வந்ததும் கோடு நிற்கவில்லை. கண்ணாடியைத் தாண்டி வெளியே வந்தது, மேஜையைக் கடந்தது, ஷட்டரைக் கடந்தது, தெருவில் இறங்கியது.

நான் ஸ்விட்சை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். கோடு போய்க்கொண்டே இருந்தது. இஸ்திரி வண்டியைக் கடந்து, மாவு மில்லைக் கடந்து, ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் விலகச் செய்து, பள்ளிக்கூட மைதானத்தின் குறுக்கே போய், இரண்டு திருப்பம் திரும்பி, முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு இரும்பு கேட்டில், ‘இங்கு ஜாக்கெட் தைத்துத் தரப்படும்’ என்ற பலகைக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. கனகமணி வீடு. இத்தனை வருஷமாக அந்த ஒரு தெருவை மட்டும் தவிர்த்து மற்றத் தெருக்கள் வழியாகவே நான் பெட்ரோல் பங்குக்கும் பேங்குக்கும் போய்வந்தேன். கோட்டுக்கு அந்தச் சுற்றுவழி தெரியவில்லை.

முதல் நாள் கூட்டம் கூடியது. இரண்டாம் நாள் கரண்ட் ஆபீசிலிருந்து லைன்மேன் சின்ராஜ் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல கரண்டே இல்லீங்க, ஆனா லேசா ஆடுது, எங்க கணக்குல வராதுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வார்டு கவுன்சிலர் வந்து, லாரிக்காரர்கள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று இரண்டு இடத்தில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார். நான்காம் நாள் மினி பஸ் கண்டக்டர் ரேஷன் கடை ஸ்டாப்பைக் ‘கோட்டு ஸ்டாப்’ என்று கூவினார், இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். ஐந்தாம் நாள் அடைமழை. மாவு மில் வீட்டு அம்மாள் வேறு வழியில்லாமல் ஒரு ஈரப் புடவையைக் கோட்டின் மேல் எறிந்து பார்க்க, அரை மணி நேரத்தில் அது மொறமொறவென்று காய்ந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் முக்கால் கிலோமீட்டரும் துணியாக இருந்தது.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. கோட்டைக் கையால் தொட்டவர்களுக்கு ஷாக் அடிக்கவில்லை, வெட்கம் வந்தது. அவரவர் சொந்த வெட்கம். ரேஷன் கடைக்காரர் முழங்கை பட்டு, அன்று முழுவதும் தராசைப் பார்க்கவே கூசி, சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டார். பால்காரருக்குத் தோள் பட்டது, மறுநாள் பால் அத்தனை கெட்டியாக இருந்ததால் நாலு வீட்டில் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் தொட்டுவிட்டு, பத்து வருஷத்துக்கு முன்னால் அடித்த ஒரு பையனைத் தேடிக்கொண்டு சூலூர் வரை போய்வந்தார். இரண்டு வாரம் இப்படித் தெரு தாறுமாறாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் ஜனங்கள் சுதாரித்துக்கொண்டார்கள். துணியை நீளக் கொம்பால் போடுவது, கொம்பாலேயே எடுப்பது, காற்றுக்குப் பறக்காமல் இருக்க, கை படாமல் பிளாஸ்டிக் கிளிப்பை மட்டும் தள்ளிவிடுவது என்று ஒரு முறை வந்தது. கிளிப் விற்கிறவர் தினமும் வந்தார். வெட்கத்தைத் தொடாமலே அதன் மேல் துணி காயப்போடலாம் என்று கண்டுபிடித்தது எங்கள் தெருதான், நான் அந்தத் தெருவுக்குச் சற்றும் குறைந்தவன் இல்லை, என் மேஜையிலிருந்து கிளம்புகிற கோட்டைச் சோல்டரிங் வேலைக்கு இடைஞ்சலில்லாமல் ஒரு அட்டைப் பெட்டியால் மூடி வைத்திருந்தேன்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மரியாதை. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஆனால் நேரில் கேட்பது நாகரிகமில்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். நேரில் கேட்காத கேள்விக்குத் தெரு தானாகவே பதில் செய்துகொள்ளும். மூன்றாவது வாரம் அந்தப் பதில் காதுக்கு வந்தது: ரெண்டு பேரும் முன்னாடி ஒரே கம்பெனியாம், ஒரே பெஞ்சாம், திடீர்னு அந்தப் பொம்பளை வேலைய விட்டு நின்னுட்டாங்களாம். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அதனால் ஒரு நஷ்டமும் வரவில்லை, டீக்கடையில் கூடுதலாக ஒரு சிரிப்பு வந்தது. "அண்ணன் அமைதியான ஆளுன்னு நெனச்சோம்" என்று ஒருவர் முதுகில் தட்டினார். நான் லேசாகச் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் எதற்கு அதிகம் கூசுகிறேன் என்று கேட்டால், பிளேடைச் சொல்லமாட்டேன், பூத்தைச் சொல்லமாட்டேன், அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன். ஏனென்றால் அதே வாரம் கனகமணி வீட்டுக்கு ஜாக்கெட் துணி வருவது நின்றுபோனது. அவள் புருஷன் லேத் பட்டறையிலிருந்து வந்தால் பேசுவதில்லை என்றார்கள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, தையல்காரிக்கு அறுவடைக் காலம், அவள் வீட்டு மெஷின் சத்தம் கேட்கவில்லை என்றார்கள்.

தீபாவளியும் போய், ஆறாவது வாரம், சின்ராஜ் மறுபடி வந்தார். ஆபீஸ் வேலையாக இல்லை, மனசு கேட்காமல் வந்தேன் என்றார். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. கோடு உங்க கடைல இருந்து போச்சுன்னு எல்லாரும் பேசறாங்க. இழுத்தது இங்கிருந்துதானுங்க, சரி. ஆனா நான் தெனமும் பாக்கறேன், அதுல ஒரு சின்ன அதிர்வு ஓடுது. அது அங்கிருந்து இங்க வருதுங்ணா. அந்தம்மா வீட்லதான் சோர்ஸ். நீங்க கடைசி."

எனக்கு அது புரியவில்லை. வெட்கப்பட வேண்டியவன் நான், கோடு ஓட வேண்டியது என்னிடமிருந்து. அவள் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி சுலோச்சனா, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "ஏனுங்க, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். தெருவுல பேசறது நெசமா?"

"இல்ல" என்றேன். "அதவிட மோசம்." எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னதால் வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன.

அவள் கீரையை விட்டுவிட்டாள். "எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கா?"

"ஆமா."

"அன்னிக்கு காபி டம்ளர் எடுக்கறப்ப உங்க கை நடுங்குச்சு. பயந்த சுபாவம், நல்ல மனுஷனாட்டத் தெரியுதுன்னு எங்கப்பாகிட்ட நான்தான் சொன்னேன்." கீரையை மறுபடி கையில் எடுத்தாள். "போய்ச் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன். பொண்டாட்டிய முன்னால நிறுத்திட்டு நீங்க பின்னால நிக்கறதுக்கு நான் ஆளில்ல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். கொம்பு இல்லாமல், வெறும் கையால், துணிகளை ஒதுக்கி ஒதுக்கி. தெரு முழுக்கப் பார்த்தது. உள்ளங்கையில் ஏறிய வெட்கம் தோள் வரைக்கும் வந்து, கழுத்து வரைக்கும் வந்து, காது சுட்டது. கையை எடுக்கவில்லை.

கனகமணி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் இருந்தது. மோட்டார் இல்லாத, காலால் மிதிக்கிற பழைய மெஷின். எங்கள் ஊரில் அப்படி ஒன்றைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"வாங்ணா" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். "நானே உங்க கடைக்கு வரோணும்னு இருந்தேன். எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றதுன்னு தெரியாம இருந்துட்டேன். என்னாலதானுங்ணா இதெல்லாம். அன்னிக்கு நான் பண்ணின தப்பு, இத்தனை வருஷம் கழிச்சு உங்க கடைல வந்து நிக்குது. ஒரு பழைய டப்பாவை எடுத்து நல்லபடியா ரிப்பேர் பண்ணுனீங்க, அதுக்குப் போயி உங்களுக்கு இந்தப் பேரு. வீட்ல அக்கா என்ன நெனச்சாங்களோ. மன்னிச்சுக்குங்ணா."

மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்ட அவள் கையையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு விரல் நிமிராத கும்பிடு. அப்போதுகூட, கேளுங்கள், அப்போதுகூட என் வாயில் உண்மை வரவில்லை. "மெஷினுக்கு ஒரு மோட்டார் போட்டுக்கலாமே அம்மிணி, முட்டி இப்படி வீங்கியிருக்குதே" என்று கேட்டேன்.

"என்ற கை கரண்டுக்கு ஆகாதுங்ணா" என்றாள். "இந்த வீட்ல சுவிட்சுகூட அவருதான் போடறது. அன்னிக்கு அந்த டப்பாவை நான் தொட்டேன், என்னோட போச்சு. காலைல நீங்க தொட்டிருந்தீங்கன்னா? அதை நெனச்சா இன்னிக்கும் எனக்குத் தூக்கம் வர்றதில்லீங்ணா."

சின்ராஜ் சொன்னது அப்போது புரிந்தது. என் வெட்கத்தை நான் அவள் பெயர் எழுதிய ஒட்டுக்குக் கீழே வைத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தேன், அவள் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு இருபத்து மூன்று வருஷம் மெஷினைக் காலால் மிதித்திருக்கிறாள்.

"அம்மிணி, அந்த ஒட்டைக் காலைல நான் பிரிச்சேன்" என்றேன். "பிளேடுல. கிழியாம. வயரை நான்தான் கழட்டினேன். மாட்டாம உன்ற ஒட்டையே திருப்பி ஒட்டிட்டுப் போயிட்டேன். வழியில ஞாபகம் வந்துச்சு. போன் பூத் பக்கத்துலயே இருந்துச்சு. இறங்கல."

அவள் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் டெஸ்டிங் பெஞ்சில் கேட்கிற குரலில் கேட்டாள். "நீங்க திறந்தப்ப உள்ள பச்சை வயர் எங்க இருந்துச்சு?"

"பெரிய பின்னுல."

"சுத்து எந்தப் பக்கமா?"

"வலப்பக்கமா. ஒரு இழைகூட வெளிய நீட்டிட்டு இல்ல. கழட்டறதுக்கே கஷ்டமா இருந்துச்சு, அத்தனை இறுக்கம்."

"அப்ப நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன்" என்றாள். மறுபடியும், "சரியாத்தான் மாட்டியிருக்கேன்" என்றாள். மூன்றாவது முறை சொன்னது என்னிடம் இல்லை, அந்த இரண்டு விரல்களிடம். பிறகு எழுந்து கேட்டுக்குப் போனாள். "என்கிட்ட சொன்னது போதாதுங்க. எல்லாரும் இங்கதான் துணி காயப்போட்டிருக்காங்க. இங்க வந்து சொல்லுங்க."

கேட்டுக்கு வெளியே கோடு நெடுகப் பெட்ஷீட்டுகள். அவற்றுக்குப் பின்னால் ஆட்கள் குனிந்து மறைந்து நின்றார்கள், கால்கள் மட்டும் தெரிந்தன, வெகுநேரமாக ஒரு காலும் அசையாமல் இருந்தது. நான் பெட்ஷீட்டுகளைப் பார்த்து உரக்கச் சொன்னேன். ஒட்டு, பிளேடு, பஸ், பூத், விசாரணையில் சொன்ன அந்த ஒற்றை வரி, டீக்கடையில் சிரித்த சிரிப்பு. கனகமணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் கோடு கேட்டை விட்டது.

சத்தமில்லாமல்தான் விட்டது. விட்ட நுனி என் பக்கத்தில் வந்து நின்றது. நான் ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி சுருங்கியது. கடை வரைக்கும் அப்படித்தான் நடந்தேன், என் நடைக்குத் தகுந்தபடி கோடு பின்வாங்க, தெரு நெடுக வேட்டியும் பாவாடையும் யூனிஃபார்மும் ஒவ்வொன்றாகச் சேற்றில் விழுந்தன, வீட்டுக்கு வீடு ஆட்கள் ஓடிவந்து பொறுக்கினார்கள், பொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். மாவு மில் அம்மாள் ஒரு புடவையை உதறிக்கொண்டு, "இதை முன்னாலயே சொல்லித் தொலைச்சிருந்தா நாங்க இதுல துணியே போட்டிருக்கமாட்டமே" என்றாள். கணக்கு வாத்தியார் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என் மேஜை மேல் அட்டைப் பெட்டிக்குள் கோட்டின் கடைசி ஒரு சாண் நுழைந்தது, திரையில் ஒரு புள்ளியாகி நின்றது.

மறுநாள் பதினொரு மணிக்குக் கனகமணி கடைக்கு வந்தாள். அந்த முழங்காலோடு முக்கால் கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பிளக்கை எடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பிளேடு" என்றாள். கொடுத்தேன். பழைய ஒட்டைக் கிழிக்காமல், நுனியிலிருந்து மெல்லப் பிரித்து, மேஜை ஓரத்தில் ஒட்டினாள். பிளக்கைத் திறந்தாள். உள்ளே பச்சை வயர் நான் விட்டபடி சுருண்டு கிடந்தது, அதன் நுனியில் நான் அவசரத்தில் கோணலாகச் சுற்றிய கறுப்பு டேப். அதைப் பார்த்து, "என்ன வேலை இது" என்றாள். நுனியைச் சீவினாள், இழைகளை முறுக்கினாள், நிமிராத விரல்கள் திருப்புளிக்கு இடைஞ்சலாக இருந்தன, பிடிக்கலாம் என்று நான் கை நீட்டினேன். "தொடாதீங்க." வலப்பக்கமாக ஒரு சுற்று, பெரிய பின்னில், இறுக்கமாக.

மூடிச் சொருகி, ஸ்விட்சில் விரலை வைத்தாள். அவள் உதடு என்னவோ எண்ணியது. போட்டாள். பெட்டி உறுமியது. அவள் வலது கையைக் கைப்பிடியின் மேல் வைத்தாள், இடது கையை நீட்டி என் கடையின் இரும்பு ஷட்டரைப் பிடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. திருகைத் திருப்பினாள், புள்ளி கோடாகி ஓடி, வலது ஓரத்தில், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

வெள்ளை நாடாவில் ஒரு துண்டு வெட்டி, பிளக் இடுக்கின் மேல் ஒட்டி, க.ம. என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டாள்.

"மெஷினுக்கு மோட்டார் ஒண்ணு சொல்லி வைங்க. பிளக் நானே மாட்டிக்குவேன்" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. எழுந்து ஒரு அடி வைத்தவள் திரும்பி, மேஜை ஓரத்தில் இருந்த பழைய ஒட்டைக் காட்டினாள்.

"அது உங்களோடதுங்க."

அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அவள் பெயரோடு, அந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள் தேதியோடு. மிக்ஸி கொண்டுவருகிறவர்கள், யூபிஎஸ் கொண்டுவருகிறவர்கள், காத்திருக்கிற நேரத்தில் அதைப் பார்த்துவிட்டு, இது என்னங்க என்று கேட்பார்கள். கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்கிறேன்.